கொம்போடு நின்றால் பெண்மான்

எட்டுக்கு நாலு ப்ளைவுட் பலகை.
கார் கூரையில் கட்டிக் கொண்டுவந்தேன்.
மலைச்சரிவு முழுக்க அது பறக்கத் துடித்தது.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கையை நீட்டி
அதை அமுக்கிக்கொண்டே ஓட்டினேன்,
காற்றுக்கு என் கை ஒரு பொருட்டு என்பதுபோல.

ஓரின் இரும்புத்தாதுக் கப்பலில் இருக்கிறான்.
ஏரி உறைந்தால்தான் அவனுக்கு வீடு.
டுலூத்தில் எல்லோரும் குளிரைத் திட்டும்போது
எங்கள் தெருவில் இரண்டு மூன்று வீடுகள் மட்டும்
இன்னும் கொஞ்சம் குளிரட்டும் என்று
வாய்க்குள் சொல்லிக்கொள்ளும்.

சிக்னிக்கு ஒன்பது வயது.
பலகைமேல் முழங்காலிட்டு மானை வரைந்தாள்.
வயிறு பெருத்துவிட்டது, அழித்தாள்.
அழித்த வயிறும் தெரிந்தது, புதிய வயிறும் தெரிந்தது.
எந்தக் கோட்டில் அறுக்கட்டும் என்றேன்.
உனக்கு எது சுலபமோ அதில், என்றாள்
பெருந்தன்மையாக.

ஜிக்சா ஓரினுடையது.
அதன் பிடியில் அவன் உள்ளங்கைக்கு இடமிருந்தது,
என் கைக்கு மிச்சமும் இருந்தது.
முதுகு ஒழுங்காக வந்தது. வால் பரவாயில்லை.
கொம்பின் மூன்றாவது கிளை திரும்பும்போது
படக்கென்று அலகு முறிந்தது.

கடையில் ராஸ்முசன் கேட்டார்:
ஓரின் எதை அறுக்கிறான்?
அவன் ஏரியை அறுத்துக்கொண்டிருக்கிறான்,
மானை அறுப்பது நான், என்றேன்.
பின்னால் நின்ற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
வேட்டைக்காலம் முடிந்து இரண்டு வாரம்தான்,
இந்த ஊரில் அது ஒரு செய்தியே இல்லை.

உப்புத்தாள் தேய்க்கும்போது சிக்னி சொன்னாள்:
ஆண் கலைமானுக்கு இந்த மாதம் கொம்பு விழுந்துவிடும்,
கொம்போடு நின்றால் அது பெண்மான்.
பள்ளி நூலகத்தில் படித்தாளாம்.
அப்படியென்றால் அந்த வண்டியை
வருஷா வருஷம் இழுத்ததெல்லாம்?
ஆமாம், என்றாள்,
மரத்தூளை ஊதிவிட்டு.

தரை இரும்பாகிக் கிடந்தது.
முளைக்குச்சியில் அடித்தால் சுத்தியல்தான் எகிறியது.
ஒரு கெண்டி வெந்நீரை ஊற்றி,
ஆவி அடங்குமுன் குச்சியைச் செருகி,
இருவரும் குளிரில் பிடித்தபடி நின்றோம்.
பத்து நிமிஷத்தில் பூமி அதைக் கவ்விக்கொண்டது.
சிமென்ட்டுக்குச் செலவே இல்லை.

அறுத்தபின் மிஞ்சிய பலகையை
எறிய மனமில்லாமல் வேலியில் சாய்த்துவைத்தேன்.
நடுவே மான் அளவுக்கு ஓட்டை.
நாலரைக்கே இருட்டும் மாதம்.
பக்கத்து வீட்டு ஹால்வர்சன்
மருத்துவமனை ஷிப்டுக்குப் புறப்பட்டார்,
காரைப் பின்னால் எடுத்தார்,
விளக்கு வேலியைத் தடவிப் போனது.

ஒரு வெளிச்சமான மான்
எங்கள் பனிமேல் எழுந்தது.
நீண்டது, ஓடியது,
நான் ஆணியடித்து நிறுத்திய மானை மோதாமல் தாண்டி
படியேறி, ஜன்னல் வழியே உள்ளே புகுந்து
சாப்பாட்டு மேசைக்குமேல் சுவரில் ஒரு கணம் நின்று
அணைந்தது.

சிக்னி வாயைத் திறந்தபடி நின்றாள்.
அவள் வாயிலிருந்து புகைபோல் மூச்சு மட்டும் வந்தது.
மறுநாளிலிருந்து ஹால்வர்சன்
தேவையில்லாமல் இரண்டுமுறை பின்னால் எடுத்தார்.
நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜனவரி வந்தது.
தெருவில் எல்லா வீட்டிலும் விளக்குகளைச் சுருட்டிவிட்டார்கள்.
இன்னுமா, என்றாள் எதிர்வீட்டு டார்லா.
ஏரியைக் கேள், என்றேன்.

நேற்றிரவு ஓரின் அழைத்தான்.
துறைமுகங்களின் ஓரத்தில் ஐஸ் கட்டத் தொடங்கிவிட்டது,
இன்னும் ஒரே ஒரு நடை, என்றான்.
அவன் குரலுக்குப் பின்னால் எஞ்சின் முழங்கியது.
சிக்னி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.
நாங்கள் இரண்டு மான் செய்தோம்,
ஒன்று மரம், ஒன்று ஓட்டை.

எது நன்றாக வந்திருக்கிறது?

அவள் ஜன்னலைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
நான் வருத்தப்படுவேனோ என்று குரலைத் தாழ்த்தி
ஓட்டை, என்றாள்.

முறிந்த அலகைப் பற்றி
நான் இன்னும் சொல்லவில்லை.
வந்து பார்த்துக்கொள்ளட்டும்.